வெள்ளை ஒயின் சாங்ரியா வீட்டில் செய்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாங்ரியா என்றாலே சிவப்புதானே? வெள்ளை ஒயினில் செய்தால் அதுவும் சாங்ரியாவா?

ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் சாங்ரியா என்று சும்மா கேட்டால் சிவப்பு ஒயினில் செய்ததுதான் வரும். ஒயின், நறுக்கிய பழம், கொஞ்சம் இனிப்பு, விருப்பப்பட்டால் கொஞ்சம் பிராந்தி, கடைசியில் சோடா. இதையே வெள்ளை ஒயினில் செய்தால் ஸ்பெயின்காரர்கள் 'சாங்ரியா பிளாங்கா' என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு விதியில் இதற்கு 'கிளாரியா' என்று தனிப் பெயரே இருக்கிறது. அதே விதிப்படி புட்டியில் 'சாங்ரியா' என்று மட்டும் பெயர் போட்டு விற்க வேண்டுமானால் அது ஸ்பெயினிலோ போர்ச்சுகலிலோ தயாரானதாக இருக்க வேண்டும், ஆல்கஹால் 4.5 சதவீதத்துக்குக் குறையாமலும் 12 சதவீதத்தை எட்டாமலும் இருக்க வேண்டும். இதெல்லாம் விற்பவர்களுக்கு. நம் வீட்டு ஜக்கை யாரும் வந்து அளக்கப் போவதில்லை.

அமெரிக்காவில் இது பரவலானதற்கு 1964-இல் நடந்த நியூயார்க் உலகக் கண்காட்சியின் ஸ்பெயின் அரங்கைக் காரணமாகச் சொல்வார்கள். இன்று ஸ்பெயினில் வெயில் நேரத்தில் உள்ளூர்க்காரர்கள் அதிகம் கேட்பது 'டின்டோ தே வெரானோ': சிவப்பு ஒயினில் இனிப்புச் சோடாவை ஊற்றினால் முடிந்தது. சாங்ரியாவைச் சுற்றுலாப் பயணிகள் கேட்பார்கள். வீட்டு விசேஷத்துக்கு ஜாடியில் கலப்பார்கள்.

பழத்தைப் போட்டுப் புளிக்க வைக்க வேண்டுமா?

வேண்டாம். கிறிஸ்துமஸ் சமயத்தில் சில வீடுகளில் திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு வாரக்கணக்கில் ஜாடியில் மூடி வைப்பார்களே, அது வேறு வேலை; அதற்கான சட்டமும் வேறு. சாங்ரியாவுக்கு ஏற்கெனவே தயாரான ஒயினைக் கடையில் வாங்குகிறோம். பழம் அதில் சில மணி நேரம் ஊறும், அவ்வளவுதான். அதுவும் ஃப்ரிட்ஜுக்குள். வெளியே வைத்து ஊறவிட்டால், நம் ஊர் வெப்பத்தில் பழம் கெடத்தான் செய்யும்.

எந்த வெள்ளை ஒயின் வாங்கலாம்?

மூன்று விஷயம் பாருங்கள். இனிப்பு குறைவாக இருக்க வேண்டும், அதாவது 'டிரை' வகை. புளிப்பு தெரிய வேண்டும். ஓக் மரப் பீப்பாயில் வைத்த வாசம் இருக்கக் கூடாது. மரவாசமும் வெண்ணெய் வாசமும் அடிக்கும் ஷார்டனே தனியாகக் குடிக்க நன்றாக இருக்கலாம். ஆரஞ்சும் எலுமிச்சையும் சேர்ந்தால் கனத்துப்போய் ஒட்டாமல் நிற்கும்.

ஸ்பெயின் ஒயின்களில் ருவேதா பகுதியின் வெர்தேஹோ இதற்கென்றே பிறந்தது போல் பொருந்தும். கலீசியாவின் அல்பாரிஞ்ஞோ அருமையானது, ஆனால் அதைப் பழத்தோடு கலக்க எனக்கு மனம் வராது. தனியாகக் குடிக்க வேண்டிய சரக்கு அது. போர்ச்சுகலின் வடமேற்கிலிருந்து வரும் வின்யோ வெர்தே லேசானது, நாக்கில் கொஞ்சம் சுறுசுறுவென்று இருக்கும், ஆல்கஹாலும் பொதுவாகக் குறைவு. பகல் விருந்துக்கு அதுதான் சரி. இவை கிடைக்காத இடத்தில் சாவிஞ்ஞோன் பிளாங்கோ, பினோ கிரிஜியோவோ போதும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு நாசிக் பக்கத்து ஒயின்கள் எளிதாகக் கிடைக்கும். அங்கே சாவிஞ்ஞோன் பிளாங்கும் செனின் பிளாங்கும் நிறையவே தயாராகின்றன. செனின் பிளாங்கில் சில புட்டிகள் கொஞ்சம் இனிப்பாகவே வரும். அதை எடுத்தால் சர்க்கரைப் பாகைப் பாதியாகக் குறையுங்கள். மொஸ்காட்டோ என்ற இனிப்பு ஒயின் கையில் இருந்தால் பாகே வேண்டாம், எலுமிச்சையைக் கூட்டுங்கள்.

விலை கூடிய ஒயின் போட்டால் ருசி கூடுமா?

கூடாது. பழச்சாறும் பாகும் சோடாவும் சேர்ந்த பிறகு நுணுக்கமான வாசமெல்லாம் மூழ்கிவிடும். ஆனால் கெட்ட ஒயினைச் சாங்ரியா காப்பாற்றும் என்று நினைப்பதும் தப்பு. திறந்து பல நாளான புட்டியில் காடி வாசம் வந்திருந்தால், எத்தனை ஆரஞ்சு பிழிந்தாலும் அந்த வாசம் மேலே வந்துவிடும். தனியாக ஒரு வாய் குடித்துப் பாருங்கள். முகம் சுளிக்காமல் குடிக்க முடிந்தால் போதும், அதுதான் உங்கள் ஒயின்.

ஆறு பேருக்கு என்ன அளவு?

வெள்ளை ஒயின் ஒரு புட்டி, 750 மி.லி. பிராந்தியோ ஆரஞ்சு லிக்கரோ (ஆரஞ்சு வாசமுள்ள இனிப்பு மதுபானம்) 60 மி.லி. புதிதாகப் பிழிந்த ஆரஞ்சுச் சாறு 100 மி.லி. எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி. சர்க்கரைப் பாகு 30 முதல் 45 மி.லி., ருசி பார்த்துத்தான். நன்றாகக் குளிர்ந்த சாதா சோடா 250 முதல் 300 மி.லி. பழத்துக்கு ஒரு பச்சை ஆப்பிள், இரண்டு பீச், ஒரு ஆரஞ்சு, பாதி எலுமிச்சை, ஒரு கைப்பிடி விதையில்லாத திராட்சை.

எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் லிட்டர் வரும். 150 மி.லி. கிளாஸில் எட்டுப் பேருக்கு ஒரு சுற்று, ஆறு பேர் என்றால் சிலருக்கு இரண்டாவது கிளாஸும் உண்டு.

செய்முறையைச் சொல்லுங்கள்.

இதில் கைத்திறன் என்று பெரிதாக எதுவும் இல்லை. எதை எப்போது போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முந்தின நாள் இரவே ஒயின், சோடா, கிளாஸ்கள் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு எடுத்து, கரையும் வரை மட்டும் சூடாக்கி ஆறவிடுங்கள். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம், குலாப் ஜாமூன் பாகைவிட நீர்த்ததாக இருந்தால் சரி.

ஆப்பிளைத் தோலோடு மெல்லிய துண்டுகளாக நறுக்கி, உடனே எலுமிச்சைச் சாற்றில் பிரட்டுங்கள். தாமதித்தால் வெட்டிய பக்கம் பழுப்பேறிவிடும்; சிவப்பு ஒயினில் அது தெரியாது, வெள்ளையில் பளிச்சென்று தெரியும். அப்புறம் பீச், ஆரஞ்சு வட்டங்கள், இரண்டாக வெட்டிய திராட்சை. ஜாடியில் பழத்தைப் போட்டு, பிராந்தியை ஊற்றி, மரக்கரண்டியால் ஒரு கிளறு. நசுக்க வேண்டாம். கால் மணி நேரம் கழித்து ஒயினும் ஆரஞ்சுச் சாறும் ஊற்றி, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பரிமாறும் முன் எடுத்து ருசி பாருங்கள். பாகை அப்போதுதான் சேர்க்க வேண்டும், முதலிலேயே அல்ல. பழம் தன் இனிப்பை விட்ட பிறகுதான் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். சோடா மேசைக்கு வந்த பிறகு.

எந்தப் பழங்கள் பொருந்தும்? மாம்பழம் போடலாமா?

ஸ்பெயினில் பீச்தான் ராஜா. தோலோடு நறுக்கிய கெட்டியான பீச் ஒயினில் ஊறும்போது ஒயினுக்கு வாசம் போகும், பீச்சுக்குள் ஒயின் போகும். கிளாஸ் காலியானதும் முட்கரண்டியால் குத்திச் சாப்பிடுவார்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கோடையில் பீச் விற்பார்கள், புளிப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். அப்படியே தின்ன அது கொஞ்சம் ஏமாற்றம்தான். இதற்கு அந்தக் கெட்டித்தன்மையே நல்லது. பழமே கிடைக்காவிட்டால் டின் பீச் எடுக்கலாம். டின்னில் இருக்கும் பாகைக் கொட்டிவிடாதீர்கள், சர்க்கரைப் பாகுக்குப் பதில் அதையே ஊற்றலாம்.

பச்சை ஆப்பிள் மொறுமொறுப்புக்காக. நான்கு மணி நேரத்தில் அதன் ஓரங்கள் மட்டும் கண்ணாடி போலத் தெளிந்து, நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். கடித்தால் சத்தம் கேட்கும். சிவப்பு ஆப்பிள் பல சீக்கிரம் மாவாகிவிடும். அன்னாசி நன்றாக இருக்கும், ஆனால் மற்ற வாசத்தையெல்லாம் அமுக்கிவிடும். நாலைந்து துண்டுக்கு மேல் வேண்டாம். முலாம்பழம் கெட்டியாக இருந்தால் அருமை. லிச்சியும் வெள்ளை ஒயினும் நல்ல ஜோடி. ஸ்ட்ராபெர்ரி போட்டால் நிறம் இளஞ்சிவப்பாக மாறும், பரவாயில்லை என்றால் போடுங்கள், ஆனால் கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.

மாம்பழத்துக்கு வருவோம். நன்றாகப் பழுத்ததைப் போட்டால் கரைந்து, குடிக்கும் பானம் கலங்கலாகிவிடும். காயும் இல்லாமல் கனிந்தும் போகாமல், கத்தி போனால் வடிவம் நிற்கிற பதத்தில் இருந்தால் போடலாம். கிளிமூக்கு மாங்காய் ஓரளவு சிவந்து இனிப்பேறிய பதத்தில் இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான், புளிப்பும் இருக்கிறது, மொறுமொறுப்பும் இருக்கிறது.

வாழைப்பழம், பப்பாளி, சப்போட்டா, சீத்தாப்பழம் நான்கும் வேண்டாம். தர்பூசணி தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் நீர்க்க வைத்துவிடும்.

போன தடவை கசந்துவிட்டது. ஏன்?

பெரும்பாலும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதிதான் காரணம். மேல்தோலில் வாசனை எண்ணெய் இருக்கிறது, அது நமக்கு வேண்டும். அந்த வெள்ளைச் சதை நேரம் ஆக ஆகக் கசப்பை விடும். இரவு முழுக்க ஊற வைப்பதாக இருந்தால் ஆரஞ்சைத் தோலும் வெள்ளையும் போக உரித்து நறுக்குங்கள். வாசத்துக்குத் தோல் சீவியால் மஞ்சள் தோலை மட்டும் ரிப்பன் போல இரண்டு சீவல் எடுத்துப் போட்டால் போதும். நாலு மணி நேரத்துக்குள் பரிமாறுவதாக இருந்தால் தோலோடு மெல்லிய வட்டங்கள் போடலாம், கசக்காது. விதைகளை எடுத்துவிடுங்கள். நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையில் விதை அதிகம், அதனால் அதை வட்டமாக வெட்டிப் போடுவதைவிடப் பிழிந்து வடிகட்டி ஊற்றுவது உத்தமம்.

எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

குறைந்தது இரண்டு மணி நேரம். நான்கு என்றால் நல்லது. எட்டு மணி நேரம் வரை தாராளமாகப் போகலாம். அதற்கு மேல் பழம் தொளதொளவென்றாகி, பார்க்க நன்றாக இருக்காது. விருந்து மறுநாள் மதியம் என்றால் இரவே ஆப்பிள், பீச், பிராந்தி, ஒயின் வரை முடித்துவிட்டு, திராட்சையும் புது ஆரஞ்சு வட்டங்களும் காலையில் சேருங்கள்.

விருந்தாளி வாசலில் நிற்கும்போதுதான் நினைப்பு வந்தது என்றால், பழத்தை இன்னும் பொடியாக நறுக்கி, பாகையும் பிராந்தியையும் அதன் மேல் ஊற்றி இருபது நிமிடம் விடுங்கள். சர்க்கரை சாற்றை வெளியே இழுத்துவிடும். பிறகு குளிர்ந்த ஒயின். நாலு மணி நேரத்துக்கு ஈடாகாது, ஆனால் சமாளிக்கலாம்.

பிராந்தி கட்டாயமா? ரம், வோட்கா ஊற்றலாமா?

கட்டாயமில்லை. பழத்தின் வாசத்தை வேகமாக இழுக்கவும், ஐஸும் சோடாவும் சேர்ந்த பிறகு பானம் சப்பென்று ஆகாமல் இருக்கவும்தான் அது. வெள்ளை சாங்ரியாவில் கருத்த பிராந்தியைவிட க்வான்த்ரோ மாதிரி ஆரஞ்சு லிக்கர் பொருத்தம். பீச் லிக்கரும் பொருந்தும், ஆனால் இவை எல்லாம் இனிப்பு, பாகை அதற்கேற்பக் குறையுங்கள். வெள்ளை ரம் சரி. வோட்கா வாசம் எதுவும் தராது, போதையை மட்டும் ஏற்றும், எதற்கு? விஸ்கி வேண்டாம்.

வோட்காவும் ஜின்னும் சேர்த்த ஸ்பானியப் பானம் வேண்டுமென்றால் 'அகுவா தே வலென்சியா' இருக்கிறது: காவா என்ற நுரைக்கும் ஒயினும் ஆரஞ்சுச் சாறும் அடிப்படை. 1959-இல் வலென்சியா நகரின் ஒரு காபிக்கடை மதுக்கூடத்தில் பிறந்தது. பெயரில் 'அகுவா', அதாவது தண்ணீர், இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது, ஆளைக் கவிழ்க்கும்.

சர்க்கரையை நேராகப் போட்டால் என்ன?

குளிர்ந்த ஒயினில் கரையாமல் அடியில் தங்கிவிடும். முதல் கிளாஸ் புளிக்கும், கடைசிக் கிளாஸ் பாயசம். தேன் போடலாம், ஆனால் அதையும் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஆறவைத்து ஊற்றுங்கள்.

ஐஸ் எப்போது, சோடா எப்போது?

இரண்டும் ஜாடிக்குள் போகக் கூடாது, கிளாஸில்தான். ஜாடியில் ஐஸைக் கொட்டினால் அரை மணி நேரத்தில் பழவாசம் உள்ள தண்ணீர்தான் மிச்சம். கிளாஸில் பெரிய கட்டிகள் இரண்டு, மூன்று துண்டு பழம், முக்கால் வரை சாங்ரியா, மேலே சோடா. ஒரு தடவை மெதுவாகக் கிளறினால் போதும்.

விதையில்லாத திராட்சையை முந்தின நாளே ஃப்ரீஸரில் வைத்தால் அதுவே ஐஸ் வேலையைச் செய்யும், நீர்க்கவும் செய்யாது. ஸ்பெயினில் 'கசேயோசா' என்ற லேசான இனிப்புச் சோடா ஊற்றுவார்கள். இங்கே சாதா சோடாவே நல்லது. ஸ்ப்ரைட், செவன்-அப் ஊற்றினால் பாகை மறந்துவிடுங்கள். பன்னீர் சோடா ஊற்றலாமா என்றும் கேட்பார்கள். அதன் பிறகு அது பன்னீர் சோடாதான், சாங்ரியா இல்லை.

எந்தப் பாத்திரத்தில் கலக்கலாம்?

கண்ணாடி, பீங்கான், நல்ல எவர்சில்வர். பித்தளை, செம்பு, அலுமினியம் கூடாது. ஒயினும் எலுமிச்சையும் புளிப்பு. அந்த உலோகங்களில் மணிக்கணக்கில் இருந்தால் ருசியும் கெடும், உடம்புக்கும் ஆகாது. ஊறுகாய் வைத்திருந்த ஜாடியைக் கழுவி எடுக்கலாம் என்று தோன்றினால், மூடியின் உள்பக்கத்தை ஒரு முறை முகர்ந்து பாருங்கள், எண்ணம் மாறிவிடும்.

பட்டை, ஏலக்காய், புதினா?

சிவப்பில் பட்டை போடுவது வழக்கம். வெள்ளையில் ஒரு சின்னத் துண்டு போதும், இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். ஏலக்காய் பாயச வாசம் கொண்டுவரும், எனக்குப் பிடிப்பதில்லை. இஞ்சி மெல்லிய சீவலாக இரண்டு போட்டால் பீச்சோடு நன்றாகச் சேரும். புதினாவைக் கிளாஸில் மட்டும், கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போடுங்கள். ஜாடியில் ஊறினால் கறுத்துப்போகும்.

ஜூஸ் மாதிரி இருக்கிறதே, போதை ஏறுமா?

ஏறும். கணக்கு இதுதான். 12 சதவீத ஒயின் 750 மி.லி.யில் சுத்த ஆல்கஹால் 90 மி.லி. 40 சதவீதப் பிராந்தி 60 மி.லி.யில் 24 மி.லி. மொத்தம் 114. அதை ஒன்றேகால் லிட்டரில் பரப்பினால் ஏறக்குறைய 9 சதவீதம். 150 மி.லி. கிளாஸ் ஒன்றில் 10, 11 கிராம் ஆல்கஹால் இருக்கும்; 5 சதவீத பியர் 330 மி.லி. டின்னைவிடக் கொஞ்சம் குறைவு. பிராந்தியை விட்டுவிட்டால் 7, 8 சதவீதத்துக்கு இறங்கும்.

சிக்கல் என்னவென்றால் பியரைக் குடிக்கும் வேகத்தில் யாரும் இதைக் குடிப்பதில்லை, ஜூஸ் வேகத்தில் குடிக்கிறார்கள். கிளாஸும் பெரிதாக இருக்கும். கூடவே ஊறின பழத்திலும் ஆல்கஹால் இருக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஜாடி அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பழ சாலட் என்று நினைத்துக் கை விடுவார்கள்.

யாருக்குக் கொடுக்கக் கூடாது?

கர்ப்பிணிகளுக்கும் வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கும் வேண்டாம். இந்தியாவில் 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே வழக்குதான். இன்சுலினோ வேறு சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சில மருந்துகளோடு ஆல்கஹால் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும். மெட்ரோனிடசோல் மாதிரி கிருமிக்கொல்லி மருந்து எடுக்கும் நாட்களில் தொடவே கூடாது. ஒயினில் கெடாமல் காக்கும் சல்ஃபைட் இருக்கும். ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு அது ஆகாது. வயது வரம்பு ஊருக்கு ஊர் மாறும்: தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் 21, சிங்கப்பூரில் 18.

குடிக்காதவர்களுக்கு ஆல்கஹால் இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் ஒயினுக்குப் பதில் அதே அளவு திராட்சை ஜூஸ் ஊற்றினால் திகட்டும். வெள்ளைத் திராட்சை ஜூஸ் பாதி, ஆறவைத்த லேசான கிரீன் டீ பாதி எடுத்து, எலுமிச்சையை இரண்டு மடங்காக்குங்கள். டீயின் லேசான துவர்ப்பு ஒயினின் இடத்தை ஓரளவு நிரப்பும். பழம், ஊறும் நேரம், சோடா எல்லாம் அதேபோல். பாகு வேண்டாம். தனி ஜாடி, தனிக் கரண்டி வைத்து, எது எது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

கூட என்ன சாப்பிடலாம்?

ஸ்பெயினின் தென்கரையில், மாலகா பக்கம், சின்ன மீனை மாவில் பிரட்டிப் பொரித்து எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். நம் நெத்திலி வறுவலுக்கு ஒன்றுவிட்ட உறவு. மிளகாய்த் தூளைக் குறைத்து, உப்பும் மிளகும் தூக்கலாகப் போட்டு நெத்திலி பொரித்தால் இதற்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. பூண்டு போட்டு எண்ணெயில் வதக்கிய இறால், உருளைக்கிழங்கு ஆம்லெட், உப்புப் போட்ட முந்திரி எல்லாம் சேரும். காரக்குழம்பு, சுக்கா பக்கம் போகாதீர்கள். ஆல்கஹால் காரத்தை இன்னும் ஏற்றிவிடும்.

மிச்சமானால் எத்தனை நாள் வைக்கலாம்?

சோடா கலக்காததாக இருந்தால், பழத்தை வடித்து எடுத்துவிட்டு மூடி போட்ட புட்டியில் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். சோடா கலந்தது அன்றைக்கே தீர வேண்டும்.

வடித்த பழத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. எலுமிச்சைத் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு கரண்டி சர்க்கரையோடு சின்ன தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் கெட்டியான கூழ் மாதிரி வரும், வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஊற்றலாம். கொதித்தால் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்று நினைக்காதீர்கள், கொஞ்சம் தங்கும். இதையும் பெரியவர்கள் மட்டும் சாப்பிடட்டும்.